இரண்டு கையும் வேண்டும்

பழைய ராஜ்ஜியத்தின் கொடியைப் பள்ளிக்கூடத்தில் வைக்கவே கூடாது என்று ஊரில் பாதிப்பேரும், வைத்தே தீரவேண்டும் என்று மீதிப்பேரும் வரிந்துகட்டி நின்றபோது, தலைமையாசிரியை திலோத்தமை ஒரு தச்சரைக் கூப்பிட்டார். சுவரில் ஓர் அலமாரி அடிக்கச் சொல்லி, கொடியை அதற்குள் வைத்தார். ஸ்பிரிங் போட்ட இரட்டைக் கதவு. இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தால்தான் கொடி தெரியும்; கையை எடுத்தால் படாரென்று மூடிக்கொள்ளும்.

இருளப்பன் சட்டைப்பையில் கல்லோடு வந்தார். அந்தக் கொடியைப் பிடித்து வந்த சிப்பாய்கள்தான் அவருடைய அப்பாவைச் சுட்டவர்கள். கதவை விரித்துப் பிடித்தார். நினைத்திருந்ததைவிடக் கொடி சின்னதாக இருந்தது. ஓரத்தில் யாரோ கிழிசலைப் பொறுமையாகத் தைத்திருந்தார்கள். கல்லை எடுக்கத்தான் கை இல்லை. கும்பிட வருகிறவனுக்கும் இதே கதிதான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"பலே ஆளு டீச்சர் நீங்க."

"பாக்கறதுக்குத்தானே ஐயா வச்சிருக்கேன்," என்றார் வாசலில் நின்ற திலோத்தமை.

இருளப்பனுக்குத் தோள் கடுத்தது. ஆனாலும் விட மனமில்லை. அந்த நேரம் பார்த்துக் கோதண்டபாணி மாலையோடு உள்ளே வந்தார். அவருடைய தாத்தா அந்தக் கொடியைச் சுமந்தவர். இருளப்பன் கதவோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தார்.

"ஒரு கதவை நான் பிடிச்சுக்கறேன்."

இப்போது இருவருக்கும் ஒரு கை சும்மா இருந்தது. ஒன்றில் மாலை. இன்னொன்று சட்டைப்பைக்குப் பக்கத்தில். இருளப்பன் வாசலைத் திரும்பிப் பார்த்தார். திலோத்தமை, இவர்கள் இருவரும் ஆளுக்கொரு கதவைப் பிடித்து நிற்பதற்காகவே காத்திருந்தவர்போல அசையாமல் நின்றார்.