நூறு விழுக்காடு

2024 ஆகஸ்ட் 14, புதன்கிழமை காலை, ஜொகூர் பாசிர் கூடாங்கில் ஒரு வரிசை வீட்டின் கூடத்தில், ஒரு பழைய மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க் நூறு விழுக்காடு வேலை செய்துகொண்டிருந்தது. அதன் முன்னால் தனலெட்சுமி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு கோப்பைத் திறக்கச் சொல்லிவிட்டு அவள் மைலோ கலக்கிக் குடித்து, குவளையைக் கழுவியும் வைத்துவிட்டாள். கோப்பு இன்னும் திறக்கவில்லை.

வீட்டிலிருந்தபடியே சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்றுக்குக் கப்பல் சரக்குப் பத்திரங்கள் தயார் செய்வது அவள் வேலை. இந்த வாரத்து வேலையை இன்றைக்குள் முடித்துக் கொடுத்தால் அடுத்த மாதம் அங்கேயே மேற்பார்வையாளர் பதவி. தங்குவதற்கு அறையும் உண்டு, வாரக் கடைசியில் வீட்டுக்கு வரலாம். முடிக்காவிட்டால் அது வேறொருத்திக்குப் போகும்.

இதைச் சொன்ன அன்று அவள் கணவன் கமலநாதன், “நல்லதுதானே” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப இங்க யாரு சமைக்கிறது?” என்று கேட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

இரவு ஷிப்டு முடிந்து, ஆலை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவன், சட்டையைக்கூட மாற்றாமல் அவள் பின்னால் வந்து நின்றான்.

“அலமாக், இதென்ன லா? கால் ஒடஞ்ச ஆமை மாரி போவுது?”

“கிண்டல் பண்ணாதீங்க. நானே அழுவுற நெலமையில இருக்கேன். இன்னிக்குள்ள அனுப்பலன்னா எல்லாம் போச்சு.”

“எந்திரி. நான் பாக்குறேன்.”

ரசாயன ஆலையில் கணினிகளைப் பராமரிப்பவன் அவன். பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் வரிசையை ஒரே தட்டில் திறந்தான்.

“பாத்தியா? நீ சும்மா உக்காந்திருக்க. உள்ள ஒரு ஊரே தைப்பூசம் கொண்டாடுது. ஆளாளுக்கு டிஸ்க்கப் புடிச்சு இழுத்தா அது எங்கேருந்து ஓடும்?”

“கம்பெனி போட்டது எதாச்சும் இருக்கப் போவுது. பாத்துங்க.”

“கம்பெனியோடத நான் ஏன் தொடப் போறேன்? நேத்துப் பொறந்தவனா நான்?”

ஒவ்வொன்றின் பெயரையும் படித்துக் காட்டி, “இது வேணுமா?” என்று கேட்டு நிறுத்தினான். பாட்டு கேட்கும் செயலி. படங்களை ஓயாமல் மேலே ஏற்றிக்கொண்டிருந்த ஒன்று. அவள் தங்கை எப்போதோ போட்டுக் கொடுத்த விளையாட்டு. நூறு காட்டிய டிஸ்க்கின் எண் கொஞ்சம் இறங்கி, அங்கேயே அடம்பிடித்து நின்றது.

கடைசியாக ஒன்றின் மேல் அம்புக்குறியை வைத்தான். அதன் பெயரை அவன் படிக்கவில்லை. ஆங்கிலத்தில் ஏதோ எச்சரிக்கை வந்தது. அவள் குனிந்து பார்ப்பதற்குள் அழுத்திவிட்டான்.

“என்ன கேட்டுச்சு?”

“ஷுவரான்னு கேட்டுச்சு. ஷுவர்னுட்டேன்.”

அடம்பிடித்த எண் சட்டென்று நான்குக்கு விழுந்தது. அடுத்து அவள் அழுத்திய கோப்பு கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. அவள் நம்பாமல் இன்னொன்றைத் திறந்தாள். அதுவும் திறந்தது.

“ஐயோ, என்னங்க இது! மந்திரம் போட்டீங்களா?”

“மந்திரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் தூங்கி எந்திரிக்கிறப்ப அசாம் பெடாஸ் மீன் கொழம்பு இருக்கணும். அவ்வளவுதான்.”

அன்று ஓடியதுபோல் அவள் விரல்கள் என்றுமே ஓடியதில்லை. நடுவில் எழுந்துபோய், தூங்குகிறவன் முகத்தில் வெயில் படாமல் திரைச்சீலையை இழுத்துவிட்டு வந்தாள். சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, மீனையும் புளிக் குழம்பில் போட்டுவிட்டு, அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.

அவன் சாப்பிட உட்கார்ந்தபோது சிங்கப்பூரிலிருந்து மேலாளர் மஜீதா கூப்பிட்டாள். கணவனும் கேட்கட்டும் என்று தனலெட்சுமி ஸ்பீக்கரில் போட்டாள்.

“தனா, இன்னிக்கு எங்க போயிருந்தீங்க?”

“எங்கயும் போகலையே மேடம். எல்லாத்தையும் அனுப்பிட்டேன், பாத்தீங்களா?”

“பாத்தேன். அதான் கேக்குறேன். உங்க ஸ்கிரீன் ரெக்கார்டிங் காலையிலேயே நின்னுருச்சு. தானா நிக்கல, யாரோ நிறுத்தியிருக்காங்க. அப்ப இந்த வேலைய யாரு செஞ்சது?”

“நான்தான் மேடம். சத்தியமா நான்தான்.”

“கஸ்டமரோட பேப்பர் லா இது. ரெக்கார்டிங்க நிறுத்தினா அன்னிக்கே வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க, உங்களுக்கே தெரியும். மேலேருந்து முடிவு பண்ணிட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்ல. ஸாரி, தனா.”

அழைப்பு முடிவதற்குள் கம்பெனிக் கணக்கு அவளை வெளியே தள்ளிவிட்டது. கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தாள். கணினி ஒவ்வொரு முறையும் துளிகூடத் தாமதிக்காமல் மறுத்தது.

கமலநாதன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. குற்ற உணர்ச்சியில் கூனிப்போய் உட்கார்ந்திருக்கிறான் என்று அவளுக்குப் பட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்து அவன் தோளில் கை வைத்தாள்.

“நீங்க மனசுல வச்சுக்காதீங்க. எனக்கு நல்லது செய்யத்தானே பாத்தீங்க. அது என்ன புரோகிராம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவன் வாயிலிருந்த முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

“எங்க பிளாண்ட்ல எல்லாக் கம்ப்யூட்டர்லயும் அதப் போட்டதே நான்தானே.”