பிரிக்காமல் மட்டும்

காரின் கதவுகள் மட்டும் போதும் என்று வந்தவரை அவள் வாசலிலேயே திருப்பி அனுப்பினாள்.

இந்த வாரத்தில் அவர் மூன்றாவது ஆள். முதலில் வந்தவர் பழைய இரும்பு எடுப்பவர். அடுத்தவர் ஹோட்டல்காரர். காரின் முகத்தை வெட்டிச் சுவரில் பதிக்க வேண்டுமாம்.

“பிரிச்சுக் குடுக்கறதில்லீங்க. மறுபடி மாட்டி ஓட்டறவங்களுக்குத்தான்.”

மூவருக்கும் அதே பதில்தான்.

மதியம் உடுமலையிலிருந்து சகாயராஜ் வந்தார். பழைய கார்களை வாங்கி ஓடவைக்கிறவர்.

அவள் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையைத் திறந்துவிட்டாள்.

சுவரோரம் காரின் கூடு. ஹெரால்டு, அறுபத்தேழாம் வருடத்து வண்டி. கழற்றிய சின்னப் பாகங்களெல்லாம் தகர டப்பாக்களில். ஒவ்வொரு டப்பாவிலும் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு.

எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்த கார்புரேட்டரை அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

துரு இல்லை.

“யாருங்கம்மா இதையெல்லாம் பாத்துக்கிட்டது?”

“நாந்தான். வருசா வருசம் தொடச்சு எண்ணெய் போட்டு வெப்பேன்.”

அவர் பிஸ்டன்களை விரலால் தடவினார்.

“நல்லா ஓடிட்டிருந்த வண்டியாட்டந்தான் இருக்குது. என்ன கோளாறுன்னு பிரிச்சாங்க?”

அவள் வீட்டுப் பக்கம் திரும்பினாள். ஜன்னலுக்குள் அவள் கணவர் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். காரை விற்க விளம்பரம் கொடுத்த நாளிலிருந்து அவர் அவளோடு பேசவில்லை.

“கோளாறு ஒண்ணுமில்லீங்க. நான் ஓட்டிட்டுப் போனேன்.”

அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. கார் அவள் அப்பா வாங்கித் தந்தது. ஒரு சண்டைக்குப் பிறகு, கோவையிலிருந்து பொள்ளாச்சிக்குத் தனியாக ஓட்டிக்கொண்டு போனாள். அக்கா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு, தானே ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

மறுநாள் காலை நாச்சிமுத்து பானெட்டைத் திறந்தார். சர்வீஸ் என்றார்.

சாயங்காலம் சக்கரங்கள் இல்லை.

வாரக் கடைசியில் கார் இல்லை.

அதன்பின் முப்பத்தேழு வருடம். அவர் ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை.

சகாயராஜ் கையைத் துடைத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

“அய்யாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கணுங்களா?”

அவள் ஆர்.சி. புத்தகத்தை நீட்டினாள். மயிலாத்தாள் என்று அவள் பெயர் அதில் இருந்தது.

மறுநாள் காலை டெம்போ வந்தது. ஏற்றி முடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. கூட்டை நான்கு பேர் தூக்கினார்கள். டப்பாக்களை அவளே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள், சீட்டைப் படித்துப் படித்து.

கடைசி டப்பா ஏறிய பிறகுதான் நாச்சிமுத்து வெளியே வந்தார். காலில் செருப்பில்லை. வந்து டெம்போவின் பின்கதவைப் பிடித்துக்கொண்டார்.

“எறக்கச் சொல்லு. நானே மாட்டித் தர்றேன்.”

அவர் கதவை விடவில்லை.

பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருடத்தில் அவர் அவளிடம் கெஞ்சுவது இதுதான் முதல்முறை.

ஒரு கணம் நின்றாள்.

பிறகு அவர் கையை, விரல் நசுங்கிவிடாமல், மெதுவாக எடுத்துவிட்டாள்.

கதவைச் சாத்தி, கொக்கியை மாட்டினாள்.

“தார்ப்பாய நல்லா இழுத்துக் கட்டுங்க,” என்றாள் டிரைவரிடம். “மழ வர்றாப்பல இருக்குது.”