ஜெனரலின் வளை

"டண்!"

கொல்லையில் கல்லின்மேல் கடப்பாரை விழுந்த சத்தம். எவரிஸ்டோவின் கையிலிருந்த காபி சட்டையில் கொட்டியது. சுட்டதுகூட உறைக்காமல் வெளியே ஓடினார்.

"நிறுத்து! அங்க தோண்டாதே!"

வேலமரத்தடி மூலையில், கள்ளித் தோட்டம் போட வந்த பெல்ட்ரான் ஓங்கிய கடப்பாரையோடு நின்றான். பக்கத்தில் இடுப்பில் கை வைத்தபடி எவரிஸ்டோவின் மனைவி டென்ச்சா. சப்பாத்திக் கள்ளியும் பீப்பாய்க் கள்ளியும் தொட்டிகளில் காத்திருந்தன.

"என்ன டான் எவரிஸ்டோ, பொணம் கிணம் பொதைச்சு வெச்சிருக்கீங்களா?" என்று சிரித்தான் பெல்ட்ரான்.

எவரிஸ்டோவுக்குச் சிரிப்பு வரவில்லை. புதைத்துத்தான் வைத்திருந்தார்.

உள்ளே கிடப்பது ஜெனரல். டென்ச்சாவின் அப்பா கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்த பாலைவன ஆமை. மாமனார் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் நினைவாக அவளுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். குளிர்காலம் முழுக்க வேலமர வேருக்கடியில் வளைக்குள் தூங்கும். டூசானில் வெயில் ஏற ஆரம்பித்ததும் எழுந்து வந்து டென்ச்சாவின் செருப்பைக் கவ்வும். இந்தக் குளிர் தொடங்கியபோது, "ஜெனரல் சீக்கிரமே தூங்கப் போயிட்டான்" என்று அவள்தான் வந்து சொன்னாள்.

ஜனவரியில் கொல்லை முழுக்கத் தளக்கல் பதித்தார்கள். டென்ச்சா நொகாலெஸில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். "இங்க ஒரு பொந்து இருக்கே, என்ன செய்ய?" என்று வேலையாள் கேட்டபோது டிவியில் ஆட்டம் உச்சத்தில் இருந்தது. "மூடிட்டுக் கல்லைப் போடுப்பா!" என்று உள்ளே இருந்தபடியே கத்தினார் எவரிஸ்டோ.

நினைவு வந்தபோது எந்திரம் மண்ணை இறுக்கி முடித்திருந்தது. கல்லைப் பெயர்க்கச் சொல்லியிருக்கலாம். அடியில் எதைப் பார்க்க நேருமோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டார்.

"ஜெனரலைப் பெட்டியில வெச்சுக் கொட்டகையில தூங்க விட்டிருக்கேன். திறந்து பாக்காதே, முழிச்சுக்கும்." ஊரிலிருந்து திரும்பியவளிடம் சொன்ன பொய் இது. அவளும் சரி என்றதோடு சரி, கொட்டகைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. இப்போது வெயில் ஏறிவிட்டது. இன்று கேட்பாள், நாளை கேட்பாள் என்று கொட்டகைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார் மனிதர்.

"டென்ச்சா, கள்ளியை முன்பக்கம் வைக்கலாமே?" குரலைச் சாதாரணமாக்கிக்கொண்டார். "வாசல் கேட்டுக்குப் பக்கத்துல, எலுமிச்சை மரத்தடியில. தெருவுல போறவங்க கண்ணுலயும் படும்."

"அங்க வேணாம்." வெடுக்கென்று வந்தது பதில். "எலுமிச்சைக்கு ஊத்தற தண்ணியில கள்ளி அழுகிடும்."

"கொஞ்சம் தள்ளி வெச்சா..."

"ஒரு கரண்டி மண்ணைக்கூட அங்க எடுக்க விடமாட்டேன், வாரோ." கணவரை அவள் அப்படித்தான் சுருக்கிக் கூப்பிடுவாள். "நல்ல வெயில் அடிக்கறது இந்த மூலையிலதான். கள்ளியும் இங்கதான்."

பெல்ட்ரான் நெற்றியைத் துடைத்தான். "ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. வாசல்ல டோன்யா டென்ச்சாவோட கார் நிக்குது. நான் வண்டியை எங்கயோ தள்ளி நிறுத்திட்டு, கள்ளியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நடந்து வந்திருக்கேன். என் பொண்டாட்டியைக்கூட இப்படிக் கட்டிப் புடிச்சதில்லை! கேட்டுக்கு உள்ள எடம் காலியாத்தானே கெடக்கு, காரை ஏன் தெருவுல போடறீங்க?"

"குளிர் ஆரம்பிச்சதுலேர்ந்து அவ அப்படித்தான்" என்றார் எவரிஸ்டோ. "எலுமிச்சம்பழம் விழுந்து கார் நசுங்கிடுமாம்."

டென்ச்சா சிரிக்கவில்லை. "நீ தோண்டுப்பா" என்றாள்.

கல் ஒவ்வொன்றாகப் பெயர்ந்தது. மணலையும் ஜல்லியையும் வாரிப் போட்டதும், வேருக்கடியில் கறுப்பாக ஓர் இடைவெளி தெரிந்தது.

"அட, பொந்து!" என்றான் பெல்ட்ரான்.

எவரிஸ்டோ அவனைத் தள்ளிவிட்டு மண்டியிட்டார். அவள் கண்ணில் படுவதற்கு முன் தன் கையில் படட்டும். தோள் வரை கையை உள்ளே விட்டார். விரல்கள் ஆமையோட்டைத் தேடின. சருகு தட்டுப்பட்டது. புழுதி தட்டுப்பட்டது. கடைசியில் வளையின் மண்சுவரே தட்டுப்பட்டுவிட்டது.

வேறு எதுவும் இல்லை.

மறுபடியும் துழாவினார். இல்லை! மண் அப்பிய முகத்தோடு எழுந்தவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"டென்ச்சா, என்னை மன்னிச்சுடு! கொட்டகையில பெட்டியே கிடையாது. நான் பாவி, ஜெனரல் தூங்கற வளைமேல கல்லைப் பதிக்கச் சொல்லிட்டேன். ராத்திரியெல்லாம் அவன் அடியில சுரண்டற மாதிரியே கேக்கும். ஆனா பாரு, உள்ள ஆளைக் காணோம்! கல்லு போடறதுக்கு முன்னாடியே தப்பிச்சுப் போயிருக்கான். உங்கப்பா கொடுத்த ஜெனரல் எங்கயோ உசுரோட இருக்கான்!"

அவள் திட்டுவாள், கையில் கிடைத்ததை எடுத்து எறிவாள் என்று நினைத்தார். அவளோ பெயர்த்துப் போட்ட கற்களின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"பெட்டி இல்லேன்னு எனக்குத் தெரியும்."

"தெரியுமா? கொட்டகையைத் திறந்து பாத்தியா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள். அவள் பார்வை அவரைத் தாண்டி, வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாக, கேட்டருகே நின்ற எலுமிச்சை மரத்துக்குப் போயிற்று.

"அவன் தூங்கவே போகலை, வாரோ... நான் பாக்காம காரைப் பின்னால எடுத்துட்டேன்."