பகலில் வந்த எமன்

பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் ஊர்க்காவலன், கூத்தில் கட்டும் எமன் வேடத்தோடு கம்பெனி வாசலில் நிற்பதைக் கண்டதும், மற்றவர்களோடு வேலைக்கு வந்த மாரிசெல்வி எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்தாள். மேடைக்கு வெளியே அந்த வேடத்தைக் கண்டவர்கள் அன்று வெடிமருந்தைத் தொடக் கூடாது என்பது ஊர் வழக்கம்.

“ஏண்ணே, கூறு இருக்கா ஒமக்கு? கூத்து முடிஞ்சா வேசத்தைக் கலைச்சிட்டு வரப்படாதா? சீசன் நேரத்துல ஒரு நாள் போச்சே!”

திட்டிக்கொண்டே எல்லாரும் வீடு திரும்பினார்கள்.

பத்து மணிக்கு, ஆளில்லாத மருந்தறை வெடித்துச் சிதறியது.

“எமன் கால் வச்ச எடம் வெளங்குமா?” என்று மண்ணை வாரித் தூற்றினாள் மாரிசெல்வி. கூடிய கூட்டம் கல்லெடுத்தது.

ஊர்க்காவலன் கிரீடத்தைக் கழற்றினார்.

“மீந்த மருந்து சூடேறுது, உள்ள போகாதீகன்னு நேத்து மனுசனா வந்து சொன்னேன், சிரிச்சீக. நேத்து ராத்திரி எந்த ஊர்லயும் கூத்தே இல்ல, தாயி.”