யார் வீட்டுப் பொண்ணு?

பிணவறை வாசலில் காவல்துறை அமைச்சர் நின்றிருந்தார். எதிரே இன்ஸ்பெக்டர்.

"புருஷன் அடிச்சே கொன்னுடுவான்னு அந்தப் பொண்ணு ஸ்டேஷனுக்குப் போன் பண்ணியிருக்கு. ஏன்யா போகலை?"

"குடும்பச் சண்டைன்னு விட்டுட்டோம் ஐயா. வழக்கம்போல, யார் வீட்டுப் பொண்ணும்மான்னு கேட்டோம்..."

"அதைக் கேட்டுட்டுத்தான் போவீங்களா?"

"பெரிய இடம்னா உடனே போவோம் ஐயா."

"அதுக்கு என்ன பதில் வந்தது?"

"யார் வீட்டுப் பொண்ணா இருந்தா என்ன சார், சீக்கிரம் வாங்கன்னு அழுதாங்க." இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். "அமைச்சர் மகள்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பறந்து போயிருப்போமே ஐயா!"

அமைச்சர் பிணவறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"என் பேரைச் சொல்லி எங்கேயும் சலுகை கேக்கக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லி வளர்த்தேன்யா அவளை. உங்களைத்தான் வளர்க்காம விட்டுட்டேன்."