எதிர் வீட்டுப் போசி

"இந்த வருஷம் போசியைக் கீழே குடுக்கப் போறதில்லீங்க. நானே சாப்பிடப் போறேன்."

சைத்ரா சொன்னதும் சசிதர் செய்தித்தாளை மடித்து வைத்தான்.

"என்னது, பிரியாணியா? நீயா?"

"நானேதான்."

எதிர் வீட்டு ஷம்ஷாத் அக்கா ரம்ஜானுக்குக் கொடுத்தனுப்பிய தூக்குப்போசி சாப்பாட்டு மேசைமேல் இருந்தது. மூடி இறுக்கியிருந்தும் பட்டை, கிராம்பு வாசம் கூடமெங்கும் பரவியிருந்தது.

குனியமுத்தூரின் இந்த அடுக்குமாடிக்கு அவர்கள் குடிவந்ததிலிருந்து வருஷம் தவறாமல் வருகிறது. சைத்ரா பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொட்டதில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வந்ததில்லை. வாங்கிக்கொள்வாள். மூடியைத் திறக்காமல் அப்படியே கீழே கொண்டுபோய் வாட்ச்மேன் மாசாணத்திடம் கொடுத்துவிடுவாள். சாயங்காலம் போசியைக் கழுவித் திருப்பித் தரும்போது அவர், "அருமையா இருந்துச்சுங்க அம்மணி" என்பார். அதையே அவள் எதிர் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு, பழம் நிரப்பிய போசியைத் தந்துவிட்டு வருவாள்.

"டாக்டர் எனக்குத்தானே நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சாரு. உனக்கு என்ன ஆச்சு?"

"நோன்பு மாசத்துல அன்னைக்கு நீங்க வாசல்ல சாஞ்சீங்களே, அப்ப அக்கா வீட்டுக்காரரு மஜீத் பாய் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தைக் கையில எடுத்திருந்தாரு. என் சத்தம் கேட்டு, அதை அப்படியே வெச்சுப்போட்டு வண்டியை எடுத்தாரு. ஆஸ்பத்திரியில உங்களை உள்ளே கொண்டுபோன பொறகுதான் தண்ணியே குடிச்சாரு."

"தெரியும். அதுக்குத்தான் நேர்ல போயி நன்றி சொன்னோமே."

"சொன்னோம். சாப்பிடாமயே வருசா வருசம் நல்லா இருந்துச்சுன்னு சொன்னதும் இதே வாய்தானுங்க. இந்த வாயில நன்றின்னு சொன்னா எனக்கே நம்பிக்கை வரலீங்க."

"அதுக்காக? விருந்தைத் தின்னாத்தான் நன்றியா? மனசுல இருந்தாப் பத்தாதா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியலீங்க. ஒரு வாயாச்சும் சாப்பிட்டாத்தான் இனி அக்கா மூஞ்சியைப் பார்க்க முடியும்."

"வாந்தி எடுத்துப்போடுவ."

"எடுத்தா எடுத்துட்டுப் போறேன்."

"உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"நீங்கதான் மொதல்ல போன் போட்டுச் சொல்லுவீங்க. சொல்லிக்குங்க."

சசிதர் எழுந்து போனான். குளியலறையிலிருந்து ஒரு வாளியைக் கொண்டுவந்து அவள் நாற்காலியருகே வைத்தான். சொம்பில் தண்ணீரும் வைத்தான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

சைத்ரா கண்களை இறுக மூடிக்கொண்டு மூடியைத் திறந்தாள். கரண்டியில் கொஞ்சம் எடுத்தாள். வாயில் போட்டுக்கொண்டாள்.

நாக்கில் ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது. மென்றாள். மூடிய இமைகளின் ஓரம் நனைந்தது. விழுங்கினாள்.

"என்னாச்சு? வாளி வேணுமா?"

"வேண்டாம்." மூச்சு விட்டாள். "ரொம்ப மெதுவா இருக்குங்க. கறி இப்படித்தான் இருக்குமா?"

சசிதர் போசிக்குள் எட்டிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சைத்ரா, கண்ணைத் திற. நீ தின்னது உருளைக்கிழங்கு."

இருவரும் அடிவரை கிளறினார்கள். பீன்ஸ், கேரட், பட்டாணி. ஓர் எலும்புத் துண்டுகூட இல்லை.

சைத்ரா கரண்டியைக் கீழே வைத்தாள். "பண்டிகை நாள்ல, அத்தனை வேலைக்கு நடுவுல, நமக்குன்னு தனியா ஆக்கியிருக்காங்க" என்றாள்.

"ஸ்டென்ட் வெச்சவனுக்குன்னு இந்த வருஷம் செஞ்சிருப்பாங்க."

"இல்லீங்க... எல்லா வருஷமும் இப்படித்தானோ என்னமோ."

அழைப்பு மணி அடித்தது. வாசலில் மாசாணம் நின்றிருந்தார்.

"ஒண்ணுமில்லீங்க அம்மணி, மோட்டார் போட்டுடலாமான்னு கேக்க வந்தனுங்க." கண் மட்டும் மேசைப்பக்கம் போய் வந்தது.

"உள்ள வாங்க. நீங்களும் எங்களோட உக்காந்து சாப்பிடுங்க. அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். இதுவரைக்கும் நான் குடுத்த பிரியாணியில எந்த வருஷமாச்சும் கறி இருந்துச்சுங்களா?"

மாசாணத்துக்குச் சங்கடமாகிவிட்டது. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அதை எதுக்குங்க இப்பக் கேட்டுக்கிட்டு? கறியைப் பூராவும் நீங்க பொறுக்கி எடுத்துக்கிட்டுத்தான் எனக்குக் குடுக்கறீங்கன்னு மொத வருசமே தெரிஞ்சுபோச்சுங்க. காயும் சோறுமே அருமையாத்தானுங்க இருந்துச்சு, அதனால நான் ஒருநாளும் மனசுல வெச்சுக்கலீங்க அம்மணி."