மிச்சமான ஒரு மணி நேரம்

அழைப்பிதழ் அடிக்கும் கடையில் தமயந்தி கீபோர்டில் கண்ட்ரோல் பட்டனை அழுத்திக் காப்பி, பேஸ்ட் பண்ணக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து மவுஸுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. முதுகில் தூசி படிய மூலையில் கிடந்தது.

"கவலைப்படாதீங்கண்ணே. நீங்க ஊர்ந்து ஊர்ந்து ஆறு மணிக்கு முடிச்ச வேலையை நான் அஞ்சுக்கே முடிச்சிடறேன். பாவம், அந்தப் பொண்ணுக்கு ஒரு மணி நேரம் மிச்சம்" என்றது கண்ட்ரோல்.

அவள் சீக்கிரம் வீட்டுக்குப் போனால் சரி என்று மவுஸ் மனசைத் தேற்றிக்கொண்டது.

ஆனால் அன்றைக்கு ஐந்து மணிக்கு முதலாளி வந்தார். "முடிச்சிட்டியாம்மா? அப்போ இந்தக் காதுகுத்துப் பத்திரிகையையும் பாத்துடு" என்றார். அவள் கிளம்பும்போது மணி ஏழு.

மறுநாளும் ஐந்துக்கே வேலை முடிந்தது. முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டதும் தமயந்தி சட்டென்று மவுஸைப் பிடித்தாள். முடிந்துபோன அழைப்பிதழின் உச்சியில் இருந்த பிள்ளையாரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தத் தொடங்கினாள். எட்டிப் பார்த்த முதலாளி, "இன்னும் முடியலையா?" என்று முனகிக்கொண்டே போய்விட்டார்.

"பிள்ளையார் சரியாத்தானே இருந்தாரு, எதுக்குண்ணே இழுத்துக்கிட்டுக் கிடக்கீங்க?" என்றது கண்ட்ரோல்.

"நீ மிச்சம் பிடிச்ச நேரத்தைக் காவல் காத்துக்கிட்டு இருக்கேன், தம்பி" என்றது மவுஸ்.